அப்பாவை அளந்த மாதம்

அப்பா தோற்க வேண்டும் என்றுதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சுற்றி வளைத்துச் சொல்ல விருப்பமில்லை. எழுபத்தெட்டு வயது மனிதர் கதிரையிலிருந்து எழும்ப முடியாமல் தடுமாற வேண்டும், கோட்டில் நடக்கும்போது சரிய வேண்டும், அதைப் படித்த ஒருவர் பார்த்து எழுத வேண்டும், அந்தத் தாளோடு நான் வீட்டுக்கு வர வேண்டும். அவர் என்னைப் பெற்றவர் என்பது அன்றைக்கு எனக்குப் பொருட்டாக இருக்கவில்லை.

காரணம் என் மகளின் இடது கை.

அவளுக்குப் பத்து வயது. புலமைப்பரிசில் வகுப்புக்குப் பின்னேரங்களில் போய்வருவாள். என் கணவர் கட்டாரில். நான் பிரதேச அலுவலகத்தில் படிவம் சரிபார்க்கிற வேலையில். நாலே கால் தாண்டாமல் வெளியே வர முடியாது. ஆகவே அப்பாதான் இரண்டு வருடமாக அவளைச் சைக்கிளின் பின் கரியரில் ஏற்றிக்கொண்டு போவார். தேற்றாத்தீவிலிருந்து களுவாஞ்சிக்குடிப் பக்கமாகப் பிரதான வீதியில் போய், வலப்பக்கம் ஆற்றை நோக்கி இறங்கும் ஒழுங்கையில் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில்தான் விழுந்தார்கள்.

அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. நான் எப்படி பஸ் ஏறினேன் என்று நினைவில்லை. இறங்கும்போது பார்த்தால் என் கையில் அலுவலகத்துத் திகதி முத்திரை இருந்தது. பிடித்த பிடியில் அப்படியே கொண்டுவந்திருக்கிறேன். வீதியோரக் கடைக்காரர் என்னைக் கண்டதும், "ஒண்டும் யோசிக்காதீங்க தங்கச்சி, புள்ளைக்குக் கைதான்," என்றார். பிறகு, நான் கேட்காமலே, பின்னால் வந்த வான் பிறேக் போட்டு நின்ற இடத்தைக் காட்டினார். வானின் முன் சில்லு நின்ற இடத்துக்கும் மகளின் தலை கிடந்த இடத்துக்கும் நடுவில் அவர் தன் கையை வைத்துக் காட்டினார். ஒரு முழம் இல்லை. அந்தக் கை அளவு இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. சோற்றுப் பானையை இறக்கும்போது வரும். கூட்டத்தில் இருக்கும்போது வரும்.

"நாய் ஒண்டு குறுக்கால பாஞ்சிச்சு," என்றார் அப்பா. முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான் அவருக்கு.

"ஓம் அம்மா, நாய்," என்றாள் மகள். கை முறிந்து பலகை கட்டியிருந்த நேரத்திலும் அதை அழாமல் சொன்னாள்.

நான் இருவரையும் தனித்தனியே கேட்டேன். அப்பாவின் நாய் கறுப்பு. மகளின் நாய் மண்ணிறம். கடைக்காரர் எந்த நாயையும் காணவில்லை.

அன்று பின்னேரமே சைக்கிளை மாமரத்தோடு சங்கிலியால் கட்டிப் பூட்டினேன். சாவியை என் கைப்பைக்குள் போட்டேன்.

அப்பாவுக்குச் சைக்கிள் என்பது இன்னொரு சோடிக் கால். ஆற்றுக்கு அங்கால வட்டையில் வயல் செய்த காலம் முழுக்க அதில்தான் துறைக்குப் போவார், தோணியில் ஏற்றுவார், அக்கரையில் இறக்கி மறுபடி மிதிப்பார். வயலைக் குத்தகைக்கு விட்ட பிறகும் சைக்கிளை விடவில்லை. காலையில் எழும்பிச் சங்கிலியைக் கண்டவர் நேரே குசினிக்கு வந்தார்.

"சாவி எங்க?"

"இனிச் சைக்கிள் இல்ல அப்பா."

"ஆர் சொன்ன?"

"நான் சொல்றன்."

"நீ ஆர் சொல்ல? நீ நிக்கிற குசினி நான் கல்லுச் சுமந்து கட்டினது."

உண்மைதான். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. அப்பா கட்டி, என் கலியாணத்தோடு என் பேரில் எழுதித் தந்துவிட்டு, அம்மாவோடு பக்கத்து அறைக்குப் போய்விட்டார். அம்மா போய் மூன்று வருடம். இப்போது அந்த அறையில் அவர் மட்டும். எழுதிக் கொடுத்த வீட்டை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அன்று சொன்னார். நானும் திருப்பிச் சொன்னேன்.

"வீடு நீங்க கட்டினது. புள்ள நான் பெத்தது. உங்களுக்கு ஏலாது அப்பா. காலும் ஏலாது, கையும் ஏலாது, அத ஒத்துக்கொள்ள மனமும் ஏலாது."

"எனக்கு ஏலாதெண்டு படிச்ச ஆள் ஒண்டு எழுதித் தரட்டும். நான் சைக்கிளைத் தொடமாட்டன். ஏலுமெண்டு எழுதினா நீ சாவியத் தரோணும். புள்ளையும் என்னோடதான் வகுப்புக்கு வரோணும்."

"சரி," என்றேன்.

மகள் கட்டுப் போட்ட கையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதியவர்களின் உடம்பு என்ன செய்யும், அன்றாட வேலைகளில் எதைத் தாங்களே செய்வார்கள் என்று அளந்து எழுதும் கிளினிக் ஒன்று அயலூர் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. கூடம் முழுக்கக் கிழவர்களும் அவர்களைக் கூட்டிவந்த மகள்மாரும். நிலத்தில் வெள்ளை நாடா ஒட்டியிருந்தது. ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு மேசை. அளக்கிறவள் இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண். கையில் நேரம் பார்க்கும் கடிகாரம். படிவம் இரண்டு பக்கம். முதல் பக்கம் ஆள் செய்து காட்டுவது. இரண்டாம் பக்கம் வீட்டில் நடப்பதை வீட்டுக்காரர் சொல்வது.

"ஐயா, கையைக் கட்டிக்கொண்டு, கதிரையைப் பிடிக்காம அஞ்சு தரம் எழும்பி இருக்கோணும்."

அப்பா ஆறு தரம் எழும்பினார். "இன்னும் வேணுமா?"

"அஞ்சு காணும் ஐயா."

"ஆறாவது இவக்கு," என்று என்னைக் காட்டினார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நாடாவின் மேல் நடக்கச் சொன்னார்கள். வரம்பில் நடக்கிறவர் மாதிரி, ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை வைத்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். "சாதாரணமா நடந்தாக் காணும் ஐயா," என்றாள். "இதுதான் என்ட சாதாரணம்," என்றார். கையால் நெரித்துப் பலம் பார்க்கும் கருவி ஒன்றைக் கொடுத்தாள். நெரிக்கும்போது அவர் கருவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

முதல் பக்கத்தில் எனக்கு வேண்டிய எதுவும் இல்லை. அந்தப் பெண்ணின் பேனை ஒவ்வொரு வரியிலும் வலது ஓரத்துக் கட்டத்தில் சரி போட்டுக்கொண்டு போனது. வலது ஓரம் என்றால் நல்லது. கடைக்காரரின் கை, அந்த ஒரு முழம், மறுபடி வந்தது.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பி அவள் என் பக்கம் பார்த்தாள்.

"குளிக்கிறது எப்பிடி அம்மா?"

"நான்தான் தண்ணி அள்ளி ஊத்துறது."

"உடுப்பு?"

"நான் எடுத்து வைப்பன். தோய்க்கிறதும் நான்."

"சாப்பாடு?"

"போட்டுக் குடுப்பன். மீன் முள்ளும் எடுத்துத்தான் குடுக்கிற."

"சமைக்கிறவரா?"

"இல்ல."

"மருந்துக் குளிசை?"

"நான்தான் எடுத்துக் குடுக்கிறன்."

எல்லாம் உண்மை. ஒவ்வொரு உண்மைக்கும் அவள் பேனை இடது பக்கமாக நகர்ந்தது. அப்பா வாயைத் திறந்தார்: "அது, இவ மகளெண்டபடியால் செய்யிற. எனக்கு ஏலாமலா?" அந்தப் பெண், "ஐயா, அம்மா சொல்லட்டும்," என்றாள். ஆனால் அவள் கெட்டிக்காரி. பேனையை வைத்துவிட்டு என்னிடம் தெளிவாகக் கேட்டாள்: "அவரால ஏலாததால நீங்க செய்யிறீங்களா அம்மா, இல்ல ஏலும், ஆனாலும் நீங்க செய்யிறீங்களா?"

இருபது வருடமாக நான் மற்றவர்களின் படிவங்களைப் பார்க்கிறவள். எந்தச் சொல்லைப் போட்டால் ஆள் எந்தக் கட்டத்தில் விழுவார் என்று எனக்குத் தெரியும். பொய்யான விவரம் தந்தவர்களை மேசைக்கு முன்னால் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

"ஏலாததாலதான்," என்றேன்.

அப்பாவின் சட்டைப் பொத்தான் ஒன்று திறந்திருந்தது. அதை மெதுவாகப் பூட்டினார். உடம்பு நல்லது, அன்றாட வேலைக்கு ஆள் உதவி தேவை, ஒரு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும், அதுவரை சைக்கிள் வேண்டாம் என்று எழுதித் தந்தாள். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நின்றே வந்தார்.

மறுநாள் காலை கப்பிச் சத்தம் கேட்டது.

எங்கள் கிணறு ஒழுங்கைப் பக்கம். தண்ணீர்த் தாங்கி, குழாய் எல்லாம் இருக்கிறது, ஆனால் அப்பா கிணற்றடியில்தான் குளிப்பார். அவர் கல்லில் நிற்க நான் அள்ளி ஊற்றுவேன். அம்மா இருந்தபோது அம்மா. வீட்டை எழுதித் தந்த தகப்பன் தன் கையால் வாளி பிடித்தால், அந்த வீட்டில் அவரைப் பார்க்க ஆள் இல்லை என்றுதான் எங்கள் ஊரில் அர்த்தம். அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பாடசாலைக்குப் பிள்ளைகள் போகிற நேரம் பார்த்து, சாரனை மடித்துக் கட்டி, கயிற்றை இழுத்து இழுத்து ஊற்றினார்.

வேலிக்கு அங்காலிருந்து மச்சாள் எட்டிப் பார்த்தாள்.

"என்னகா, மாமா தானே அள்ளிக் குளிக்கிறார்? உனக்குக் கையில என்ன?"

"அவருக்கு விருப்பமாம்."

"விருப்பமோ? எழுபத்தெட்டு வயசிலயோ?" பிறகு சத்தமாக, அவருக்குக் கேட்கும்படி, "மாமா, நான் வந்து ஊத்தட்டோ?"

"வேணாம் மகள். ஏலாத மனிசன் பழகிறன்," என்றார் அப்பா.

அந்த வசனத்தை அந்த மாதம் முழுக்கச் சொன்னார். தன் சாரனைத் தானே தோய்த்து ஒழுங்கைப் பக்கத்து வேலியில் காயப் போட்டார். வளவுக்குள் துணிக்கொடி இருக்க, வேலியில். யாரும் கேட்டால், "ஏலாத மனிசன் பழகிறன்." மீன்காரன் வந்தால் எனக்கு முன் போய் செத்தல் என்கிற ஆற்றுமீன் இரண்டை வாங்கி, படியில் இருந்து செதில் உரசினார். "ஏலாத மனிசன் பழகிறன்." நான் எடுத்து வைத்த குளிசையைத் திருப்பிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மறுபடி தானே எடுத்து விழுங்கினார்.

அத்தோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். இரண்டாவது கிழமை, சைக்கிள் கட்டியிருந்த மாமரத்தடியில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டினார்.

ஒரு வளவுக்குள் இரண்டு அடுப்புப் புகைந்தால் அதற்கு ஒரே விளக்கம்தான். குடும்பம் பிரிந்துவிட்டது. அன்று பின்னேரம் நான் வேலையால் வர, பஸ் தரிப்பிலேயே ஒருத்தி கேட்டாள், "அப்பாவை வேறாக்கிப் போட்டீங்களாம்?" கட்டாரிலிருந்து கணவர் தொலைபேசியில் எடுத்தார். அவருக்கே எட்டிவிட்டது. "நீ என்ன செய்த அவர?" என்றுதான் முதல் கேள்வி. என் பிள்ளை அரை மயிரிழையில் தப்பினதை மறந்துவிட்டு எல்லாரும் ஒரு கிழவருக்காகக் கண்ணீர் விட்டார்கள். எனக்கு ஊரையே கொளுத்தலாம் போலிருந்தது.

"அடுப்பை எடுங்க அப்பா. நாங்க என்ன செத்தா போயிட்டம்?"

"படிவத்தில சமையல் எண்டு ஒரு கேள்வி இருக்கு. நீ இல்லயெண்டு சொன்ன. அதுக்குத்தான்."

"ஊர் என்ன கதைக்குது தெரியுமா?"

"நீ அங்க, அவ்வளவு பேருக்கு முன்னால கதைக்கக்குள்ள எனக்கும் காது கேட்டிச்சு."

முதல் நாள் அவர் சோறு அடிப்பிடித்துக் கருகியது. நான் சந்தோஷப்பட்டேன். அவர் கருகலையும் சுரண்டிச் சாப்பிட்டார். நாலாம் நாள் சோறு நன்றாக வந்தது. மகள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் குந்தியிருந்து அந்தச் சட்டியில் சாப்பிட்டாள். "அம்மாட கறியை விட இது ருசி அம்மப்பா," என்றது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள்.

மூன்றாவது கிழமை, சனிக்கிழமை. அப்பா மரத்தடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கழுவி வைத்த துண்டுகள் அவருக்குப் பின்னால் சட்டியில். நான் குசினி யன்னலில் நின்றேன். காகம் ஒன்று இறங்கியது.

"அம்மப்பா, பின்னால காகம்!" மகள் படியிலிருந்து கத்தினாள்.

அப்பா எழும்பினார். இடது காலை நகர்த்தினார், வலது காலை நகர்த்தினார், மறுபடி இடது. முழு உடம்பும் ஒரு பெட்டியைத் திருப்புவது மாதிரித் திரும்பி முடிய, காகம் துண்டோடு வேலிக்கு அங்கால் போய்விட்டது.

கழுத்து திரும்பவில்லை. காலும் இடுப்பும் திரும்பின. கழுத்து தோளோடு சேர்த்து வார்த்தது மாதிரி அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நான் அவரைச் சும்மா விடவில்லை. கிணற்றடியில் பின்னால் போய் "அப்பா" என்பேன். கால்கள் நகரும். வாசலில் பின்னால் நின்று "அப்பா" என்பேன். கால்கள் நகரும். "என்ன, மாட்டைக் கூப்பிடுறாப் போல நெடுகக் கூப்பிடுற?" என்று சினந்தார். எனக்கு உள்ளே ஒரு கேவலமான நிம்மதி. விழுந்தது ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். வலப்பக்கம் திரும்ப முன் பின்னால் வருவதைப் பார்க்க அவரால் முடியாது. பார்க்காமலே திருப்பியிருக்கிறார். ஆனால் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. அப்படியென்றால் இரண்டு வருடமாக, கிழமைக்கு நாலு நாள், எப்படி விழாமல் திரும்பினார்? அதை நான் தள்ளி வைத்தேன். எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரி நாளுக்காக ஒளித்து வைத்தேன்.

அந்த நாளில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுவந்தார், தானே தோய்த்து மடித்தது. கதிரை, நாடா, நெரிக்கும் கருவி. பிறகு இரண்டாம் பக்கம். இந்த முறை நான் பொய் சொல்ல முடியாது, ஊர் முழுக்கச் சாட்சி இருந்தது. குளிக்கிறது? தானே. உடுப்பு? தானே. சாப்பாடு? தானே. சமையல்? "தானே," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. குளிசை? தானே. பேனை வலது ஓரத்தை விட்டு நகரவே இல்லை.

"ஒரு மாசத்தில இப்பிடி ஒரு முன்னேற்றத்தை நான் கண்டதில்ல," என்றாள் அந்தப் பெண், உண்மையான சந்தோஷத்தோடு. "என்ன செய்தீங்க அம்மா?"

"இவதான் பழக்கின," என்றார் அப்பா. "நல்லாப் பழக்கின."

"மிஸ், கழுத்தைப் பாருங்க," என்றேன். குரல் எனக்கே கூர்மையாகக் கேட்டது. "அவரால பின்னுக்குத் திரும்பிப் பார்க்க ஏலாது. அதுதான் விழுந்தது. அதைப் பார்க்காம எழுதாதீங்க."

அவள் படிவத்தை மேலும் கீழும் பார்த்தாள். "இதில அப்பிடி ஒரு கேள்வி இல்லம்மா. ஆனா கேக்கிறது சரி. ஐயா, இருந்தபடியே தோளுக்கு மேலால பின்னுக்குக் கிறுகிப் பாருங்க."

அப்பா அசையவில்லை. "பின்னால சுவர்தானே இருக்கு," என்றார். "வரக்குள்ளயே பாத்திட்டன்."

கூடமே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். வெளியே இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள் என்று மூலையில் ஒரு வரி எழுதி, தாளை நீட்டினாள். முழுப் புள்ளி. அதை அப்பா வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமரத்தடியில் நின்று கையை நீட்டினார்.

"சாவி."

நான் பையைத் திறந்தேன். பூட்டை நானே திறந்தேன். "ஏறுங்க. ஆனா முதல் இந்த வளவுக்குள்ள. நான் பின்னால நிப்பன். இருந்தபடியே கிறுகிப் பாத்து, எத்தனை விரல் காட்டுறன் எண்டு சொல்லுங்க. சொன்னா, புள்ளைய நானே ஏத்தி விடுறன்."

அவர் ஏறி ஒரு காலை நிலத்தில் ஊன்றினார். நான் தடுக்க முன் மகள் ஓடிவந்து கரியரில் ஏறிவிட்டாள். கையில் கட்டு அவிழ்த்துப் பத்து நாள்தான். அந்தக் கை மற்றதை விட மெலிந்து வெளுத்திருந்தது.

"நீ இறங்கு."

"அவ இருக்கட்டும்," என்றார் அப்பா. "எப்பவும் அவதானே இருக்கிற."

நான் பின்னால் போய் அவருடைய அடுப்புக் கல்லுக்கு அருகில் நின்றேன். மூன்று விரலைக் காட்டினேன். அவர் தோள்கள் அசைந்தன, ஹாண்டில் வளைந்தது. எனக்குத் தெரிந்தது அவருடைய காது மட்டும். அதற்கு மேல் கழுத்து வரவில்லை. மகள்தான் திரும்பினாள். என்னைப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

"மூணு," என்றார் அப்பா.

இரண்டு விரலைக் காட்டினேன். மகள் திரும்பினாள். முன்னால் பார்த்தாள்.

"ரெண்டு."

நான் கையை இறக்கினேன். தள்ளி வைத்த கேள்விக்குப் பதில் சைக்கிளின் கரியரில் இருந்தது.

முன்னால் வந்து மகளின் முகத்தைப் பிடித்தேன். "நீயா சொல்ற?"

"நான்தானே அம்மா எப்பவும் சொல்ற. பஸ் வருது, நில்லுங்க. ஒண்டும் இல்ல, கிறுகுங்க. அப்பிடித்தான்." அவள் வாய் கோணியது. "அண்டைக்கு நான் சொல்லல்ல."

"ஏன்?"

"பேப்பரைப் பாத்திட்டு இருந்தன். முந்தின நாள் பேப்பருக்கு மார்க்ஸ் குறைவு. அதே கேள்வி திரும்ப வருமெண்டு மிஸ் சொன்ன. நீங்க வந்து மார்க்ஸ் கேப்பீங்க எண்டு பாடமாக்கினன். நான் பாக்கல்ல அம்மா. என்னாலதான்."

ஒன்றரை மாதம். கட்டுப் போட்ட கையோடு, பாடசாலைக்குப் போய், சாப்பிட்டு, தூங்கி, ஒன்றரை மாதம் இந்தப் பிள்ளை இதைச் சுமந்திருக்கிறது. நாய் என்று அவர் சொன்னதும் அவளும் நாய் என்றிருக்கிறாள், நிறத்தைக்கூடப் பேசிக்கொள்ளாமல்.

நான் அப்பாவைப் பார்த்துக் கத்தினேன். என்ன சொன்னேன் என்று எல்லாம் எழுத முடியாது. "பத்து வயசுப் புள்ளையிட கண்ணை நம்பி அந்த றோட்டில ஏறினீங்களா? உங்கட வீம்புக்கு என்ட புள்ளையா கழுத்து?" வேலிக்கு அங்கால மச்சாள் நின்றிருப்பாள். நிற்கட்டும்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் அல்ல, மகளிடம் பேசினார்.

"உன்னால இல்ல. நீ சொல்லாட்டி நான் நிக்கோணும், அதுதானே நம்மட கதை? நீ சொல்லல்ல. நான்தான் பொறுக்காமக் கிறுகின. வகுப்புக்கு நேரமாகிப் போச்செண்டு." ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "விளங்கிச்சா? நான் கிறுகின."

இறங்கினார். சைக்கிளை மாமரத்தோடு சாய்த்தார். சங்கிலியைத் தானே சுற்றி, தானே பூட்டினார். சாவியை என் கையில் தரவில்லை. அடுப்புக் கல்லின் மேல் வைத்துவிட்டு அறைக்குள் போனார். போகும்போது சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து அடுப்பு மூட்டுகிற தென்னம்பாளைகளோடு வைத்துவிட்டுப் போனார்.

இது நடந்து நாலு மாதம். அவர் இன்னும் தானே அள்ளிக் குளிக்கிறார். மாமரத்தடி அடுப்பு இன்னும் புகைகிறது. ஊர் இன்னும் கதைக்கிறது. ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய்யைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவரை நான் மன்னிக்கவில்லை. என்னை மன்னிக்கும்படி அவரிடம் கேட்கவும் இல்லை. காலையில் கப்பி சத்தமிடும்போது நான் குசினியில் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுகிறேன்.

அலுவலகத்தில் நேரம் மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டேன். வகுப்புக்கு மகளை நானே நடத்திக் கூட்டிப் போகிறேன், வீதியின் ஓரமாக, அவள் உள்பக்கம், நான் வெளிப்பக்கம். மார்க்ஸைப் பற்றி இப்போது நான் கேட்பதில்லை. அவள் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவாள். பத்து அடிக்கு ஒருக்கால் நின்று, முழுதாகத் திரும்பி, வந்த வழியைப் பார்ப்பாள். யாரும் கேட்கவில்லை, ஒழுங்கைத் திருப்பத்துக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது.

"பின்னால ஒண்டும் வரல்ல அம்மா," என்பாள்.

"சரி மகள்," என்பேன்.

பத்து அடி போய் மறுபடி நிற்பாள்.